'கேஸ்தான் சார், வேற ஒண்ணுமில்ல!'

தமிழ்நாட்டில் மிக அதிகமாக வழங்கப்படும் மருத்துவத் தீர்ப்பு எது தெரியுமா? 'கேஸ்தான்!'

நெஞ்சு அடைக்கிறதா? கேஸ். முதுகில் பிடிக்கிறதா? கேஸ். இடது தோள் வலிக்கிறதா? கேஸ் மேலே ஏறிடுச்சு. ஒரு சோடா குடி, ரெண்டு பூண்டைச் சுட்டுத் தின்னு, ஒரு ஜெலுசில் போட்டுப் படு. காலையில சரியாயிடும். சரியாகாமல் போனவர்கள் திரும்பி வந்து புகார் சொல்வதில்லை என்பதால், இந்தத் தீர்ப்பின் மீது இதுவரை யாரும் அப்பீல் செய்ததில்லை.

இது எல்லோருக்கும் ஆபத்தான தீர்ப்புதான். ஆனால் ஒரு கூட்டத்துக்கு இதில் இரட்டை ஆபத்து. 'இவனுக்கு எப்பவுமே வயித்துக் கோளாறு' என்று வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் முத்திரை குத்தப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பார்க்கிறவர் கண் நேராக வயிற்றுக்குத்தான் போகும். நான் இந்த வாரம் பேசப்போவது அவர்களைப் பற்றித்தான்.

குடல் அழற்சி நோய் என்று ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் சுருக்கமாக ஐ.பி.டி. என்பார்கள். ஐ.பி.எஸ். என்று இன்னொன்றும் உண்டு. போலீஸ் அதிகாரி அல்ல, எரிச்சல் குடல். பேர் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐ.பி.எஸ்.ஸில் குடலில் புண் இருக்காது. ஐ.பி.டி.யில் உடம்பின் பாதுகாப்புப் படையே தன் குடலை எதிரி என்று நினைத்துத் தாக்கும். பெருங்குடலின் உள்பக்கம் மட்டும் புண்ணானால் அது அல்சரேட்டிவ் கொலைடிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வந்து, குடல் சுவரை ஆழமாக அரித்தால் அது கிரோன்ஸ் நோய். ரத்தமும் சளியுமாகப் பேதி, அடிவயிற்று வலி, எடை குறைதல், ரத்த சோகை. கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். பெரும்பாலும் படிக்கிற வயதில், கல்யாண வயதில் வரும்.

'அதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி சார்' என்று ஒரு காலத்தில் நம் மருத்துவக் கல்லூரிகளிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபில் லூதியானா டாக்டர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து 2003-ல் வெளியிட்டார்கள். லட்சம் பேருக்குச் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருந்தது. அன்றோடு 'வெள்ளைக்காரன் வியாதி' கதை முடிந்திருக்க வேண்டும்.

சரி, குடல் புண்ணானால் இதயத்துக்கு என்ன வந்தது? கேள்வி நியாயமானது. பதிலும் எளிமையானதுதான்.

குடலில் எரிகிற நெருப்பு குடலோடு நிற்பதில்லை. அங்கே சுரக்கிற அழற்சி ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன. ரத்தக் குழாயின் உள் பூச்சு கெடுகிறது. அங்கே கொழுப்பு படிவது சுலபமாகிறது. படிந்த கொழுப்புத் திட்டு வெடிப்பதும் சுலபமாகிறது. ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. மாரடைப்பு என்பது வெறும் கொழுப்பு அடைப்பு அல்ல. அது அழற்சியும் சேர்ந்து செய்கிற வேலை. 2017-ல் வெளியான 'கான்டோஸ்' ஆய்வு இதை நிரூபித்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கிற ஊசி போட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு சுமார் 15 சதவிகிதம் குறைந்தது. கொலஸ்ட்ரால் அப்படியே இருந்தது!

இப்போது குடல் நோயாளிகள் கணக்குக்கு வருவோம். டென்மார்க்கில் நாட்டின் அத்தனை பேருடைய மருத்துவப் பதிவும் அரசாங்கத்திடம் இருக்கிறது. அதை வைத்து 20,000-க்கும் மேற்பட்ட குடல் அழற்சி நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மற்றவர்களைவிட மாரடைப்பு 17 சதவிகிதம் கூடுதல். 'அவ்வளவுதானா?' என்று கேட்காதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். நோய் கிளம்பியிருக்கும்போது ஆபத்து ஒன்றரை மடங்கு. அடங்காமல் தொடர்ந்து எரிந்துகொண்டே இருந்தால் இரண்டு மடங்கு. நோய் நன்றாக அடங்கியிருந்த காலத்தில்? மற்றவர்களைப் போலத்தான், கூடுதல் ஆபத்து இல்லை!

இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

பிரான்ஸில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்விலும் இதே கதைதான். குடல் நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய மூன்று மாதமும் பிந்தைய மூன்று மாதமும்தான் அதிக ஆபத்து. அதிலும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது கிழவர்களிடம் இல்லை. 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 17 சதவிகிதம் கூடுதல் என்றால் நூறு நோயாளிகளில் 17 பேருக்கு மாரடைப்பு வரும் என்று அர்த்தமல்ல. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வருகிற இடத்தில் பன்னிரண்டு பேருக்கு வரும், அவ்வளவுதான். ஒரு முப்பது வயதுக்காரருக்கு இது சின்ன எண். ஆனால் நாம் டேனிஷ்காரர்கள் இல்லையே! தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பே மற்ற நாட்டவர்களைவிடச் சுமார் ஆறு வருஷம் முன்னால் வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு சொல்லி இருபது வருஷம் ஆகிவிட்டது. ஏற்கெனவே முன்கூட்டி வருகிற விருந்தாளிக்கு, குடல் வேறு வாசல் கதவைத் திறந்துவைக்கிறது.

இவ்வளவு தெரிந்தும், நம் ஆஸ்பத்திரிகளில் என்ன நடக்கிறது?

குடல் டாக்டரிடம் போகிறீர்கள். 'மோஷன் எத்தனை தடவை? ரத்தம் போகுதா?' சரியான கேள்விகள். மருந்து எழுதுகிறார், அனுப்புகிறார். பிரஷர் பார்ப்பதில்லை. இதய டாக்டரிடம் போகிறீர்கள். 'சுகர் இருக்கா? சிகரெட் உண்டா? அப்பாவுக்கு ஹார்ட் பிராப்ளம் இருந்துச்சா?' இவையும் சரியான கேள்விகள்தான். வயிறு பற்றி மூச்சு விடுவதில்லை. ஒரே கட்டடத்தில் ஒருவர் மூன்றாவது மாடி, இன்னொருவர் ஐந்தாவது மாடி. நடுவே லிஃப்டில் ஏறி இறங்குகிற மனுஷன் ஒரே ஆள் என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அந்த மனுஷனை முழுசாகப் பார்த்த குடும்ப டாக்டரைத்தான் நாம் 'ஸ்பெஷலிஸ்ட்கிட்டயே காட்டிடலாம்' என்று சொல்லிச் சொல்லி ஊரை விட்டே துரத்திவிட்டோமே!

கம்ப்யூட்டரும் காப்பாற்றாது. அடுத்த பத்து வருஷத்தில் மாரடைப்பு வருமா என்று கணக்குப் போட டாக்டர்களுக்கு மென்பொருள் கணிப்பான்கள் உண்டு. 2017-ல் வந்த பிரிட்டனின் 'க்யூரிஸ்க்-3' முடக்குவாதத்தைக் கேட்கிறது, லூபஸைக் கேட்கிறது, ஒற்றைத் தலைவலியைக்கூடக் கேட்கிறது. குடல் அழற்சியைக் கேட்கவில்லை. 2018-ல் வந்த அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டி, நீண்டகால அழற்சி நோய்கள் ஆபத்தைக் கூட்டும் என்று ஒப்புக்கொண்டது. பெயர் சொன்ன உதாரணங்கள் சொரியாசிஸ், முடக்குவாதம், எச்.ஐ.வி. குடலுக்கு அங்கேயும் பெஞ்சு மேல் இடம் கிடைக்கவில்லை.

அடுத்த ஏமாற்று, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட். 'மாஸ்டர் செக்கப் பண்ணிட்டேன் சார், கொலஸ்ட்ரால் ரொம்பக் கம்மி' என்று சந்தோஷமாகச் சொல்கிற குடல் நோயாளிகள் நிறைய. உடம்பில் அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கும். அது ஆரோக்கியம் இல்லை, நோயின் அடையாளம். வீடு எரியும்போது மீட்டரைப் பார்த்து 'கரண்ட் பில் குறைஞ்சிருக்கு' என்று சந்தோஷப்படுகிற மாதிரி. நோய் அடங்கிய பிறகு இன்னொரு முறை எடுத்தால்தான் நிஜ எண் தெரியும். ஆனால் பேக்கேஜ் போட்டு விற்கிற செக்கப்பில் 'உங்களுக்கு இப்போ குடல் நோய் கிளம்பியிருக்கா?' என்று யார் கேட்கிறார்கள்? நாற்பது டெஸ்ட், ஐம்பது டெஸ்ட் என்று எண்ணிக்கைதான் விளம்பரத்தில் வருகிறது.

இனி மருந்துகளைப் பற்றி. கவனமாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

முதல் ஆள், ஸ்டீராய்டு. நோய் கடுமையாகக் கிளம்பும்போது உயிர் காக்கிற மருந்து அது. மறுக்கவே முடியாது. ஆனால் நெருப்பை அணைக்க வந்த ஃபயர் சர்வீஸ் வண்டியை வீட்டிலேயே குடிவைக்கக் கூடாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் எடுத்தால் சுகர் ஏறும், பிரஷர் ஏறும், எடை ஏறும், கொழுப்பு ஏறும். இதய நோய்க்கு வேண்டிய அத்தனை சாமானையும் ஒரே பையில் வாங்கிக் கொடுப்பது மாதிரி. டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிற மருந்து இது. ஆனால் மூன்று வருஷத்துக்கு முந்தைய, மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டைக் காட்டினாலும் கொடுக்கிற மருந்துக் கடைகள் இருக்கின்றன. 'போன தடவை இதுல கேட்டுச்சு' என்று நோயாளியும் தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதே சமயம், நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லித்தான்.

இரண்டாவது ஆள், வலி மாத்திரை. குடல் அழற்சிக்காரர்களில் பலருக்கு மூட்டு வலியும் வரும். உடனே ஒரு டைக்ளோஃபினாக். இது குடல் புண்ணையும் கிளறிவிடக்கூடும், இதயத்துக்கும் ஆகாது. 2004-ல் ரோஃபிகாக்ஸிப் என்ற வலி மாத்திரை மாரடைப்பு ஆபத்தால் உலகச் சந்தையிலிருந்து வாபஸானது சிலருக்கு நினைவிருக்கலாம். டைக்ளோஃபினாக்கின் இதய ஆபத்தும் அந்த வகை மாத்திரைகளை ஒத்ததுதான் என்று ஐரோப்பிய மருந்துக் கழகம் 2013-ல் எச்சரித்தது. நம் ஊரில் அது இன்னும் மிட்டாய் மாதிரி கைமாறுகிறது.

மூன்றாவது ஆள் புதுசு, டோஃபாசிட்டினிப். அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு நன்றாக வேலை செய்கிற மாத்திரை. இந்தியாவில் பல கம்பெனிகள் தயாரிப்பதால் நம் நடுத்தர வர்க்கத்துக்கும் கட்டுப்படியாகிறது. நல்ல விஷயம். ஆனால் முடக்குவாதக்காரர்களில் 50 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே ஏதாவது ஒரு இதய ஆபத்து இருந்தவர்களிடம் நடத்திய ஆய்வில், பழைய வகை ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 2.5 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. இந்த மாத்திரை எடுத்தவர்களில் 3.4 பேருக்கு. 2021 செப்டம்பரில் அமெரிக்க அரசு அந்த மருந்துக்குக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை உறுதிப்படுத்தியது. அது குடல் நோயாளிகளிடம் நடந்த ஆய்வல்ல, உண்மை. இளம் வயதுக்காரர் பயப்பட வேண்டியதில்லை, அதுவும் உண்மை. ஆனால் ஐம்பதைத் தாண்டிய, சிகரெட் பிடிக்கிற ஒருவருக்கு எழுதும் முன் ஒரு ஈ.சி.ஜி., ஒரு பிரஷர், நாலு கேள்வி வேண்டாமா?

சிகரெட் என்றதும் இன்னொரு விஷமம். 'சிகரெட் பிடிச்சா கொலைடிஸுக்கு நல்லதாமே?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புகைப்பவர்களுக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் குறைவாக வருகிறது என்பது நிஜம்தான். விட்டவர்களில் சிலருக்கு நோய் கிளம்புவதும் நிஜம். ஆனால் அதே சிகரெட் கிரோன்ஸை மோசமாக்கும். இதயத்தை எந்த நோயாளியிடமும் விட்டுவைக்காது. குடலுக்கு வைத்தியம் என்று இதயத்தை அடகு வைப்பதற்குப் பெயர் வைத்தியமா?

கால் நரம்பில் ரத்தம் உறைவதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் சில நிமிஷங்களில் உயிர் போகலாம். பிரிட்டனில் 2010-ல் வந்த ஆய்வில் குடல் அழற்சி நோயாளிகளுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல். நோய் கிளம்பிய சமயத்தில் எட்டு மடங்குக்கு மேல்! அதனால்தான் கடுமையான கொலைடிஸோடு வார்டில் சேர்க்கப்பட்டவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. 'ஏற்கெனவே ரத்தம் போயிட்டிருக்கு, ரத்தத்தை நீர்க்க வைக்கிற ஊசியா?' என்று உறவினர்கள் சண்டைக்குப் போகிறார்கள். போகாதீர்கள். அந்த ஊசி போடாத வார்டில்தான் 'ஏன் போடலை?' என்று கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் இன்னொரு கொடுமை இருக்கிறது. நோய் என்னவென்று கண்டுபிடிப்பதற்கே நம் ஊரில் ஆகிற காலம். பஸ் ஸ்டாண்டுச் சுவர் பூராவும் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' நோட்டீஸ்தான். ரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவு செய்து அங்கே போய் நிற்கிறோம். கிரோன்ஸ் நோயும் குடல் காசநோயும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால், காசநோய் மருந்திலேயே பல மாதம் ஓடிவிடுகிறது. பெண்களோ வெளியே சொல்வதே இல்லை. கல்யாணச் சந்தையில் 'பொண்ணுக்கு ஒரு வியாதியும் இல்லை' என்று சொல்லியாக வேண்டுமே! இப்படி மறைத்த ஒவ்வொரு மாதமும் அழற்சி அணையாத மாதம். டென்மார்க் கணக்கில் பார்த்தோமே, அந்த இரண்டு மடங்கு வரிசையில் நிற்கிற மாதம்.

'ஏற்கெனவே பாத்ரூமும் பெட்ரூமுமா அல்லாடுற ஜனங்க. அவங்களை நீ வேற எதுக்குய்யா பயமுறுத்துற?' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பயமுறுத்தவில்லை. நோய் அடங்கியிருந்தால் கூடுதல் ஆபத்து இல்லை என்பது பயமா, நம்பிக்கையா? டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசி போட்டுக்கொண்ட காலத்தில் மாரடைப்பு போன்றவை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாகப் பிரெஞ்சு ஆய்வு சொன்னது. ஊசியே நேரடிக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திசை தெரிகிறது. குடலைச் சரியாகப் பார்த்துக்கொள்வதே இதயத்தைப் பார்த்துக்கொள்வதுதான். பயப்பட வேண்டியது இதைத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல, இதைச் சொல்லாமல் விட்டவர்கள்.

'டாக்டருக்கு ஏது நேரம்?' என்பது அடுத்த சால்ஜாப்பு. பிரஷர் பார்க்க இரண்டு நிமிஷம். 'சிகரெட் உண்டா?' என்று கேட்க ஐந்து செகண்ட். இது நேரப் பஞ்சம் இல்லை, 'என் டிபார்ட்மென்ட் இல்லை' என்கிற மனசுப் பஞ்சம்.

என்ன செய்யலாம்?

குடல் டாக்டர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பிரஷர், சுகர், எடை, நோய் அடங்கிய பிறகு ஒரு கொழுப்பு டெஸ்ட், புகைப் பழக்கம் என்று ஐந்து வரி எழுதட்டும். இதய டாக்டர்களும் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிறவர்களும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளட்டும்: 'உங்களுக்கு நாள்பட்ட குடல் நோய் உண்டா?' வயிற்று நோயாளி நெஞ்சு வலி என்று வந்தால் முதலில் ஈ.சி.ஜி., அப்புறம்தான் கேஸ் மருந்து என்று சட்டம் போடாமலே சட்டமாக்குங்கள்.

தமிழக அரசு 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்து வீட்டு வாசலுக்கே போய் பிரஷரும் சுகரும் பார்த்தது. பாராட்ட வேண்டிய வேலை. அப்படி வாசல் வரை போகிற ஊழியரின் நோட்டில் 'மாதக்கணக்கில் ரத்தபேதி உண்டா? நெடுநாள் ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா?' என்று இன்னும் இரண்டு கேள்வி இருந்தால் கஜானா காலியாகிவிடாது.

நோயாளிகளான நீங்கள்? நன்றாக இருக்கிறது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய சீட்டில் ஸ்டீராய்டு வாங்காதீர்கள். மூட்டு வலிக்கு எது போடலாம் என்று குடல் டாக்டரையே கேளுங்கள். நோய் அடங்கியிருக்கும்போது நடங்கள், காய்கறி சேருங்கள். நோய் கிளம்பிய காலத்துப் பத்தியச் சாப்பாட்டையே ஆயுசுக்கும் தொடராதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துப் பெயரும் எழுதிய ஒரே சீட்டைக் கொண்டுபோங்கள். மூன்றாவது மாடியும் ஐந்தாவது மாடியும் பேசிக்கொள்ளாத வரை, நீங்கள்தான் தபால்காரர்.

நெஞ்சு அடைத்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் சோடாக் கடைக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டு மாமா அல்ல, ஈ.சி.ஜி. மெஷின். போய்ப் பார்த்து கேஸ்தான் என்று தெரிந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள். ஒரு ஈ.சி.ஜி. வீணாகிவிட்டதே என்று யாராவது அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும். அந்த அலுப்பைக் கேட்க நீங்கள் இருப்பீர்கள், அது போதும்.